நலம் விரும்பியின் பெயர்

“நமக்குக் காசு போடுறது யாருண்ணே? பேரச் சொல்லுங்க.”

சத்யப்ரியா இதை மைக்கில் கேட்டாள். மெல்லக் கேட்டிருந்தால் சாய்பிரசாத் காதில் விழாத மாதிரி நகர்ந்திருப்பார். அதில் அவர் கெட்டிக்காரர். பசுமலையில் ஒரு ஓட்டலின் மாடிக் கூடம், சனிக்கிழமை காலை பதினொரு மணி. இருபத்து மூன்று மாணவர்கள் வடையும் காபியுமாக உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி போய் விழுந்ததும் மெல்லுகிற சத்தம் நின்றது.

‘தடையிலி மாணவர் வலையம்’ என்பது அந்த அமைப்பின் முழுப்பெயர். தடையிலி என்றால் மதுரைக் கல்லூரிகளில் தெரியும். அரசாங்கம் மனிதர்களை நோண்டாமல் ஒதுங்கி நிற்க வேண்டும், வாங்கவும் விற்கவும் பேசவும் யாரும் யாரிடமும் அனுமதி கேட்டுக் கைகட்டி நிற்கக் கூடாது என்பது கொள்கை. இரண்டு வருடத்துக்கு முன் அவள் சேர்ந்த அன்றே, மதியச் சாப்பாட்டின்போது, சாய்பிரசாத் சொல்லியிருந்தார்:

“சாமியக் கேளு, சர்க்காரக் கேளு, ஒங்கப்பாவக் கேளு, என்னையக் கேளு. எதையும் கேக்கலாம். நலம் விரும்பிங்க பேரு மட்டும் கேக்கக் கூடாது. அது அவங்க அந்தரங்கம்.”

நன்கொடை கொடுப்பவர்களுக்கு அங்கே நலம் விரும்பிகள் என்று பெயர். அன்றைக்கு அவளுக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. சாப்பாட்டுக்குக் காசு யார் கொடுத்தால் என்ன, சாப்பாடு நன்றாக இருந்தது.

“என்ன சத்யா, காலையிலயே?” சாய்பிரசாத் சிரித்தார். முப்பதைத் தொடாத வயது, கீழவாசல் பக்கத்து ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளை. மேடையேறினால் நாற்காலிகூட அவர் பேச்சுக்குத் தலையாட்டும். “இன்னைக்கு நீ வாங்கிக்கிற ஆளும்மா. கேக்குற ஆளில்ல.”

வாங்கிக்கொள்ள வேண்டியது ஒரு வெள்ளை உறை. அதற்குள் தென்மாவட்ட ஒருங்கிணைப்பாளர் என்கிற வேலைக்கான உத்தரவு இருந்தது. எம்.ஏ. முடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எழுமலையிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் அவள்.

“மாப்ள, வேலைக்குச் சேர முன்னாடியே ஸ்ட்ரைக் பண்ற மொத ஆளு இவதான்டா,” என்றான் நடுவரிசையிலிருந்து அசோக்குமார். சட்டக் கல்லூரிக்காரன், எல்லாவற்றுக்கும் ஒரு கமெண்ட் வைத்திருப்பான். நாலு பேர் சிரித்தார்கள்.

சத்யப்ரியா சிரிக்கவில்லை. அவள் பார்வை மேடை மேசையில் இருந்த பச்சை ஃபைலின் மேல் இருந்தது. அதற்குள் அறுபத்தோரு பேரின் கையெழுத்தும் கைநாட்டும் இருந்தன. திங்கட்கிழமை அந்த ஃபைல் மாநகராட்சிக்கு மனுவாகப் போகிறது. போனால் போனதுதான்.

*

வண்டியூர் பக்கம் ஒரு தெரு. அந்தத் தெருவில் பதினாலு வருடமாக அவள் அம்மா சோலையம்மாள் தள்ளுவண்டியில் பணியாரம் சுடுகிறாள். சாயங்காலம் நாலு மணிக்கு அடுப்புப் பற்றினால் மாவு தீரும்வரை கை ஓயாது. அந்தப் பதினாலு வருடத்தில் மூன்று தடவை மாநகராட்சி லாரி வந்து வண்டியைத் தூக்கிப் போயிருக்கிறது. மூன்றாவது தடவை சத்யப்ரியா பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். வண்டிச் சக்கரத்தைப் பிடித்துத் தொங்கினாள். லாரியில் இருந்தவன் கோபப்படக்கூட இல்லை. “அனுமதி இல்ல பாப்பா, விடு,” என்றான், ஏதோ மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி.

அந்த ஒரு வார்த்தை அவளுக்குள் முள்ளாக நின்றுவிட்டது. பணியாரம் சுட எதற்கு அனுமதி? மாவு நம்முடையது, கை நம்முடையது, தின்கிறவன் காசு கொடுத்துத் தின்கிறான். யாருக்கு எங்கே வலிக்கிறது? கட்சிக்காரர்கள் யாரும் இதற்குப் பதில் வைத்திருக்கவில்லை. நாங்கள் வந்தால் அனுமதி வாங்கித் தருகிறோம் என்றார்கள், அவ்வளவுதான். பிறகு ஒருநாள் கல்லூரியில் சாய்பிரசாத் வந்து பேசினார். “இட்லி விக்க ஒருத்தன் அனுமதி குடுப்பானாம், அவன் ஆத்தா சுட்ட இட்லியா அது?” என்று கேட்டார். சத்யப்ரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன் மனசில் இருந்ததை இன்னொருத்தர் வாய் சொல்லிக் கேட்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

வலையத்தில் அவளைக் கட்டிப்போட்டது இன்னொன்று. அதற்கு ‘இடமாற்று’ என்று பெயர். இரண்டு பேர் மோதிக்கொண்டால் கத்தக் கூடாது. இரண்டு நாற்காலி போடுவார்கள். நீ எதிராளியின் நாற்காலியில் உட்கார்ந்து அவனாகவே பேச வேண்டும். அவன் எழுந்து, “ஆமா, அதான் என் பேச்சு,” என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் உன் கட்சியைப் பேசலாம். அதில் கறாரான விதி ஒன்று உண்டு: எதிராளிக்குச் சாதகமாக உனக்குத் தெரிந்த எதையும் ஒளிக்கக் கூடாது. அரைமனதாகப் பேசினால் ஆட்டம் செல்லாது. அப்படிப் பேசிய ஆளைப் பிறகு யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஒருமுறை பெண்கள் விடுதியை ஆறரை மணிக்குப் பூட்டுவது பற்றித் தகராறு. பூட்டத்தான் வேண்டும் என்று சொன்ன ஒருவன் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவளாகப் பத்து நிமிடம் பேசினான். பேசி முடித்ததும், தன் கட்சியைப் பேச வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டான். சொந்தக்காரர்களில் ஓர் ஆம்பளைகூட அவள் இடத்தில் நின்று ஒரு நிமிடம் யோசித்ததில்லை. இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்களுக்காக அவள் எதுவும் செய்திருப்பாள்.

செய்தாள். ‘தள்ளுவண்டிக்கு அனுமதி எதற்கு?’ என்று மனு எழுதிக்கொண்டு, மூன்று வாரம் சாயங்காலம் சாயங்காலமாகத் தெருவில் அலைந்தாள். கரும்புச்சாறு சுருளிதான் முதலில் மடங்கினார். தெருவின் கடைசி வண்டி அவருடையது.

“தாயி, இதுல போட்டா வண்டியத் தூக்க மாட்டாய்ங்களா, இல்ல வண்டியோட சேத்து என்னையும் தூக்குவாய்ங்களா?”

“தூக்குனா நான் மொதல்ல ஏறிக்கிறேண்ணே லாரில.”

“நீ ஏறுவடி. ஒங்காத்தா என்னையில்ல வெட்டுவா,” என்று சொல்லிக்கொண்டே போட்டார். அடுத்து யாருக்குக் கை ஒழிந்ததோ அவர்கள். வத்தல், சுண்டல், இளநீர், பழைய சட்டை. சோலையம்மாள் மகள் படித்த பெண், அவள் கொண்டுவருகிற பேப்பரில் சூது இருக்காது என்றுதான் போட்டார்கள். அது அவளுக்கும் தெரியும்.

புதன்கிழமை மத்தியானம் தெருவில் நாலு பேர் வந்து டேப் பிடித்து அளந்தார்கள். நீலச் சட்டையில் ‘தென்கூடல் அர்பன்’ என்று அச்சடித்திருந்தது. ஒருவன் கையில் தாள் வைத்துக்கொண்டு பெயர் பெயராகக் கூப்பிட்டானாம். அன்று சாயங்காலம் பணியாரக் கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சோலையம்மாள் கேட்டாள்:

“ஏன்டி, அவய்ங்க ஒன் ஆளுகளா?”

“இல்லியே. யாரு?”

“மொதப் பேரு சுருளிங்கிறான். ரெண்டாவது வத்தக்காரி. மூணாவது என்னய. தெருவுல அந்த வரிசையிலயா நிக்கிறோம்? நீ கையெழுத்து வாங்குன வரிசைடி அது. ஒன் பேப்பரு அவென் கைக்கு எப்படிப் போச்சு?”

சோலையம்மாள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. குழியில் மாவை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை வலையத்தின் அலுவலகத்தில் மனுவின் முகப்புக் கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். அவள் எழுதியது அதில் இல்லை. ‘அனுமதி எதற்கு’ போய், ‘ஒரே நிர்வாகத்தின் கீழ் முறைப்படுத்தப்பட்ட உணவு வீதிக்கு வியாபாரிகளின் முழுச் சம்மதம்’ என்று இருந்தது. கீழே அதே அறுபத்தோரு பேர்.

*

கூடத்தில் இதையெல்லாம் அவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

சாய்பிரசாத் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கடுதாசில ரெண்டு வார்த்தை மாறியிருக்கு. உண்மைதான். நடைமுறைக்கு ஏத்த மாதிரி மாத்தச் சொன்னாங்க.”

“யாரு சொன்னாங்க?”

“சத்யா...”

“சொன்னவங்க பேரத்தாண்ணே கேக்குறேன். ஒரு மணி நேரமா வேற எதுவும் கேக்கல.”

“அஞ்சு நிமிசந்தான் ஆச்சு,” என்றான் அசோக்குமார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையில் ஒருவர் காலை மாற்றிப் போட்டார். ராமமூர்த்தி. நலம் விரும்பிகளின் பணம் வந்துசேரும் அறக்கட்டளையிலிருந்து வந்திருக்கிறார் என்று காலையில் அறிமுகப்படுத்தியிருந்தார்கள். உறையைக் கொடுக்கப் போகிறவர் அவர்தான். ஃபைலோடு அவளையும் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுப்பதாகவும் ஏற்பாடு.

சாய்பிரசாத் அவரைப் பார்த்தார், பிறகு மாணவர்களைப் பார்த்தார். முகத்தில் பழைய தெம்பு வந்தது. “சரி. நம்ம பழக்கத்த விடக் கூடாது. தகராறுன்னு வந்துருச்சு, இடமாற்றுப் போட்டுருவோம். பேரு ஏன் சொல்லக் கூடாதுன்னு மொதல்ல நீ என் எடத்துல இருந்து பேசு. அப்புறம் நான் ஒன் எடத்துல.”

அவர் தந்திரமாகச் செய்யவில்லை. அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறுத்துச் சொன்னதில்லை. இரண்டு நாற்காலி போட்டால் எந்தச் சண்டையும் அடங்கிவிடும் என்று அவர் மனதார நம்பினார்.

சத்யப்ரியா அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். சட்டைக் கையை அவர் மாதிரியே மடித்து விடுகிற பாவனை செய்தாள். சிரிப்பு எழுந்தது.

“நான் சாய்பிரசாத். எனக்கு ஒருத்தரு நன்கொடை குடுக்குறாரு. அவருக்கும் கடை இருக்கு, புள்ளகுட்டி இருக்கு. இன்னைக்கு ஆளுறவங்களுக்கு எங்க பேச்சுப் பிடிக்காது, நாளைக்கு வாரவங்களுக்கும் பிடிக்காது. பேரு வெளிய வந்தா மறுநாளே அவரு கடைவாசல்ல ஆளு நிக்கும். தராசு சரியில்லம்பான், போர்டு பெருசும்பான். ஓட்டுப் போடுறப்ப மறைப்புக்குப் பின்னாடிதான போடுறோம்? அத யாரும் திருட்டுத்தனங்கல. பயப்படாம ஒருத்தன் தனக்குச் சரின்னு பட்டதுக்குக் குடுக்கணும்னா அவனுக்கும் ஒரு மறைப்பு வேணும். அந்த மறைப்ப நான் கிழிச்சா நாளைக்கு எவனும் எதுக்கும் குடுக்க மாட்டான். அதனால சொல்ல மாட்டேன். சத்யா மொறைச்சாலும் சொல்ல மாட்டேன்.”

நன்றாகப் பேசினாள். பேசும்போது அதில் பாதியை நம்பவும் செய்தாள். அந்த ஆட்டம் அப்படிப்பட்டது. சாய்பிரசாத் எழுந்தார். “ஆமா. அதான் என் பேச்சு,” என்றார். குரலில் பெருமை இருந்தது. தான் வளர்த்த பிள்ளை என்கிற பெருமை.

பிறகு அவர் அவள் நாற்காலிக்கு வந்தார். இன்னொருத்தராகப் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம்.

“நான் சத்யப்ரியா. எனக்கு மூக்கு நுனியில கோவம்.” சிரிப்பு. “எங்கம்மா பதினாலு வருசமா அந்தத் தெருவுல நிக்கிறா. அறுபத்தோரு பேருகிட்ட நான் என் மூஞ்சியக் காட்டிக் கையெழுத்து வாங்குனேன். அனுமதி கேக்காம பொழைக்கணும்னு வாங்குனேன். இப்ப எனக்குக் கெடைக்கப் போறது என்ன? இன்னொரு அனுமதி. முன்னாடி லாரி வரும், போயிரும். மறுநாளு வண்டிய மீட்டுட்டு வந்து அதே எடத்துல போட்டுக்கலாம். இனிமே இரும்புக் கேட்டு வரும், வாட்ச்மேன் வருவான்.”

குரல் ஏறியது. ஆட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. மேசையைத் தட்டினார்.

“அறுபத்தோரு பேருல இருபத்து நாலு பேருக்குத்தான் கடை. மத்த முப்பத்தேழு பேரு எங்க போவாங்க? தள்ளி நின்னு விக்கவும் முடியாது. சுத்தி ஐநூறு மீட்டருக்கு வேற யாரும் வண்டி போடக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல கேட்டிருக்காங்க. அந்த ஒப்பந்தத்த வாங்குறதுக்கு அவங்களுக்குத் தேவைப்படுறது என் கையெழுத்துத் தாளு. வியாபாரிங்களே சம்மதிச்சுட்டாங்கன்னு காட்டுறதுக்கு. அத வாங்கப் போற ஆளும் எனக்குக் காபி வாங்கிக் குடுக்குற ஆளும் ஒண்ணுன்னா, பேரு கேக்குறது எப்படித் தப்பாகும்? அது அந்தரங்கமா? அது வியாபாரம்! என் சனத்த வச்சு நடக்குற வியாபாரம்!”

மூன்று பேர் கை தட்டினார்கள். பேச்சு அவ்வளவு நன்றாக இருந்தது. சாய்பிரசாத் கண்ணைத் திறந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல எதிராளியின் ஒப்புதலுக்காக அவளைப் பார்த்தார்.

கடைசி வரிசையிலிருந்து ராமமூர்த்தி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். தமிழில் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் வீட்டில் பேசுகிற சௌராஷ்டிரம். சத்யப்ரியாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை; புரியத் தேவையும் இருக்கவில்லை. வீட்டு விசேஷத்தில் பந்தியைக் கவிழ்த்துவிட்ட பையனிடம் பெரியவர்கள் எந்தக் குரலில் பேசுவார்களோ அந்தக் குரல். சாய்பிரசாத்தின் முகம் வெளுத்தது.

அவள் எழுந்தாள். விதி என்றால் விதி.

“ஆமா. அதான் என் பேச்சு.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஆனா இருபத்து நாலு கடைன்னு எனக்குத் தெரியாதேண்ணே. ஐநூறு மீட்டரும் தெரியாது. டேப்பு புடிச்சாய்ங்க, கடுதாசி மாறிருச்சு, இம்புட்டுதான நான் சொன்னது.”

கை தட்டியவர்களில் ஒருத்தி கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டாள்.

தெரிந்ததை ஒளிக்கக் கூடாது என்கிற விதிக்கு ஆறு வருடம் அவர் உண்மையாக இருந்திருந்தார். வேறு எந்த அமைப்பின் தலைவராக இருந்தாலும் பொய்யை ஒழுங்காகச் சொல்லியிருப்பார். இவருக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபின் பொய் வரவில்லை.

*

“உக்காரு பாப்பா. நானே சொல்றேன்.” ராமமூர்த்தி முன்னால் வந்தார். பதற்றம் இல்லை. நல்ல துணி, நல்ல குரல். “தென்கூடல் எங்க குடும்பக் கம்பெனிதான். இதுல ஒளிக்க என்ன இருக்கு? அறக்கட்டளை வேற, கம்பெனி வேற.”

“ஆளு ஒண்ணா சார்?”

“ஆளு ஒண்ணா இருந்தா என்னம்மா? அந்தத் தெருவப் பாத்திருக்கியா நீ?”

“நான் வளந்ததே அங்கதான்.”

“அப்பத் தெரியும். சாக்கடை தெறந்து கெடக்கு. பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் கெடையாது. தண்ணிக் குழாய் கெடையாது. எவனாச்சும் ஒருத்தன் பணத்தப் போட்டுச் செஞ்சாத்தான் ஆகும். போடுறவனுக்கு அந்த எடம் உறுதியா வேணும். சுத்திலும் நூறு வண்டி நின்னா எவன் போடுவான்?” அவர் குரல் தணிந்தது. “ஒங்கம்மாவுக்கு மொத மூலைக் கடை. முன்பணம் ஒண்ணும் வேண்டாம். இத நான் இப்ப சொல்லல, போன வாரமே எழுதி வச்சாச்சு. சாய்பிரசாத்தக் கேளு.”

சாய்பிரசாத் குனிந்தபடியே தலையாட்டினார்.

கக்கூஸ் என்ற வார்த்தையில் அவள் ஒரு கணம் தடுமாறினாள், அதை ஒளிப்பதற்கில்லை. பதினாலு வருடமாகச் சோலையம்மாள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று சத்யப்ரியாவுக்குத் தெரியும். இந்த மனுஷர் சொல்வதில் பொய் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

“கக்கூஸ் கட்டுங்க சார். காசு வச்சு உள்ள விடுங்க, எங்காளுக குடுத்துட்டுப் போவாங்க. குழாய் போடுங்க, தண்ணிய வித்துக்கங்க. நாலு கம்பெனி வந்து போட்டி போட்டுக் கடை கட்டுங்க. எங்க பணியாரத்த விட நல்ல பணியாரம் சுட்டு எங்கம்மாவத் தோக்கடிங்க. அதத்தான நீங்க எங்களுக்குப் புத்தகம் போட்டுப் படிக்கக் குடுத்தீங்க? சுத்தி ஐநூறு மீட்டருக்கு எவனும் விக்கக் கூடாதுங்கிறது எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டுங்க.”

“நடைமுறைன்னு ஒண்ணு இருக்கும்மா.”

“லாரிக்காரனும் அதத்தான் சார் சொன்னான். அவன் காக்கி போட்டிருந்தான், நீங்க வெள்ளை போட்டிருக்கீங்க. எங்கம்மாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒருத்தன் கிட்ட கேட்டுத்தான் பொழைக்கணும்.”

“ஒனக்கு ஃபீஸ் கம்மி பண்ணது யாரு, சர்க்காருதான?” ராமமூர்த்தியின் குரலில் முதல் தடவையாகச் சூடு ஏறியது. “முதல் பட்டதாரின்னு சர்ட்டிபிகேட் வாங்கித்தான படிச்ச? அப்புறம் எங்க காசுல ரெண்டு வருசம் ஊர் ஊரா ட்ரெய்னிங். சும்மா வாங்குறப்ப யாரு எவருன்னு கேக்கல, இப்ப பேரு கேக்குற.”

அந்த அடி சரியான இடத்தில்தான் விழுந்தது.

“ஆமா, கேக்கல. அது என் தப்புதான். சோறு நல்லாருந்துச்சு, கேக்கல,” என்றாள் சத்யப்ரியா. “இப்ப கேட்டுட்டேன்.”

சாய்பிரசாத் எழுந்து அவள் பக்கத்தில் வந்தார். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினார். “சத்யா, பெருசாப் பாரு. முப்பது காலேஜு. நம்மகிட்ட வந்து மொதல் தடவையா வாயத் தெறந்து பேசுன புள்ளைங்க எம்புட்டுப் பேரு, ஒனக்கே தெரியும். இவங்க கைய எடுத்துட்டா வலையமே இல்ல. நீ இல்ல, நான் இல்ல.”

“நான் இருப்பேண்ணே.”

அவர் தள்ளி வைத்த மைக்கை எடுத்து மறுபடி பழைய இடத்தில் வைத்தார்.

அவள் மேடை மேசைக்குப் போய்ப் பச்சை ஃபைலை எடுத்தாள். முகப்புக் கடிதத்தை உருவி மேசையில் வைத்தாள். கையெழுத்துத் தாள்களை மட்டும் எண்ணிப் பார்த்தாள். ஐந்து தாள். முதல் தாளில் மாவுக் கறையோடு அம்மாவின் கையெழுத்து, எழுத்துக்கூட்டிப் போட்டது.

“அது வலையத்தோட சொத்தும்மா,” என்றார் ராமமூர்த்தி.

“சொத்துன்னா என்னன்னு இவருதான் சார் எனக்குச் சொல்லிக்குடுத்தாரு. ஒருத்தன் மனசறிஞ்சு குடுக்காதத எடுத்து வச்சுக்கிட்டா அது சொத்தில்ல, களவு. ஏண்ணே, சொன்னீங்களா இல்லியா?” அவள் திரும்பி சாய்பிரசாத்தைப் பார்த்தாள். “அந்த அறுபத்தோரு பேருல இருபத்து நாலு கடைன்னு தெரிஞ்சு போட்டது யாரு? ஒரு ஆளச் சொல்லுங்க, வச்சுட்டுப் போறேன். இல்லன்னா சுருளி அண்ணன் எடத்துல உக்காந்து ஒரு தடவ பேசிப் பாருங்க. நாற்காலி அங்கதான் கெடக்கு.”

நாற்காலி அங்கேதான் கிடந்தது. சாய்பிரசாத் அதன் முதுகில் கையை வைத்தார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் என்ன பேசுவார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“நகல் எங்ககிட்ட இருக்கு,” என்றார் ராமமூர்த்தி.

“தெரியும் சார். ஒங்க ஆளுக அதப் படிச்சுத்தான பேரு கூப்பிட்டாய்ங்க.”

அவள் தாள்களைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். நடுவரிசையைக் கடக்கும்போது அஸ்வினி கையைப் பிடித்தாள். விடுதியில் மூன்று வருடம் அடுத்த கட்டில்காரி. “ஏய், அந்தக் கவரையாச்சும் வாங்கிட்டுப் போடி. வேலைல இருந்துக்கிட்டே சண்ட போடலாம்ல? இந்த மாசம் ஒங்க வீட்டுக்கு என்ன சொல்லுவ?”

“உள்ள இருந்துக்கிட்டே சண்ட போட்டவங்கள இந்தா பாக்குறேன்ல,” என்றாள், சாய்பிரசாத் பக்கம் திரும்பாமல். அவருக்குக் கேட்டது.

அசோக்குமார் எழுந்து வழி விட்டான். ஏதோ சொல்ல வந்தான். அவன் ஆயுளில் முதல் தடவையாக ஒன்றும் கிடைக்கவில்லை. “நாளைக்கு அவங்க கேசு போட்டா சொல்லு,” என்றான் கடைசியில். “சட்டம் அரைகுறையாத் தெரியும்.”

“அரைகுறை போதும். வா.”

படியில் இறங்கும்போது பயமாக இருந்தது. அதை வேறு பெயரிட்டு அழைக்க அவள் விரும்பவில்லை. தாளைக் கிழித்துப்போடுவதால் ஒன்றும் ஆகாது, நகல் இருக்கிறது. செய்ய வேண்டியது வேறு. நாலு மணிக்கு அடுப்புப் பற்றுவதற்கு முன்னால் தெருவுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வண்டியாக நின்று, நான் உங்களிடம் வாங்கியது தப்பான இடத்துக்குப் போய்விட்டது, யார் கொடுக்கிற காசு என்று கேட்காமல் வாங்கிக்கொடுத்தவள் நான்தான் என்று சொல்ல வேண்டும். இருபத்து நாலு, முப்பத்தேழு, ஐநூறு மீட்டர், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு எழுதி வைத்திருந்த மூலைக் கடையையும் சேர்த்து. அதைச் சொன்னால் தெரு என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும். சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவரவர் கையால் எழுதித் தரக் கேட்க வேண்டும். சிலர் தர மாட்டார்கள். கடை கிடைத்தால் போதும் என்று இருந்துவிடுவார்கள். அது அவர்கள் இஷ்டம், அதில் அவள் கை வைக்க மாட்டாள். தெரிந்து போடட்டும், அல்லது தெரிந்து போடாமல் இருக்கட்டும்.

அம்மாதான் கடைசி வரை பேச மாட்டாள். பேசாமல் மாவை ஊற்றுவாள். அதையும் நின்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பின்னால் மாடியில் யாரோ மைக்கைத் தட்டி, “சரி, எல்லாரும் உக்காருங்க, அடுத்த அமர்வு,” என்றார்கள். சத்யப்ரியா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கினாள். பஸ் நிறுத்தம் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நடந்தாள்.